பேட்டரி மட்டும் பத்திரம்

அத்தியாயம் 6

"வண்டிய தூக்கிகினு பூட்டான். பேட்டரிய வுட்டுட்டான். இதுக்கு எங்க வூட்டுக்காரர் இன்னா பண்ணுவாரு, நீயே சொல்லும்மா!"

தனம் அக்கா என்னைப் பார்த்து இதைக் கேட்டபோது, எட்மண்ட் சார் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் பாதியில் உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அவர் கவனிக்கவே இல்லை. கேஸ் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

நான் சுஜி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இயங்கும் எங்கள் துப்பறியும் அலுவலகத்தின் உதவியாளர், டைப்பிஸ்ட், டிரைவர். கீழே டிரில் ஓடினால் போனை எடுக்காமல் இருக்க வேண்டியதும் என் வேலைதான். எட்மண்ட் சார் பணியில் இருந்தவரை வாகன இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவர். ரிட்டையர் ஆன பிறகும் யாராவது "என் வண்டி காணோம்" என்றால், முதலில் அப்படிச் சொன்னவரையே சந்தேகப்படுவார்.

தனம் அக்கா, கீழ்க்கட்டளையில் சாரின் தங்கை வீட்டில் வேலை செய்பவர். அவர் கணவர் அன்பு அதே ஏரியாவில் ஒரு அபார்ட்மென்ட்டின் வாட்ச்மேன். வியாழக்கிழமை விடியற்காலையில், அங்கே மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பென்னி என்பவரின் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்க்கிங்கிலிருந்து மாயமாகிவிட்டது. கழற்றி மாட்டும் பேட்டரி மட்டும் மாடியில் சார்ஜில் இருந்தது.

"போலீஸ்ல சொல்லலையாக்கா?" என்றேன்.

"சொன்னாங்களே! நம்பர் இன்னான்னு கேட்டாங்களாம். அந்த வண்டிக்கு நம்பரே இல்லியாமே! மெதுவாப் போற வண்டியாம், லைசென்ஸும் வாணாமாம். நம்பர் இல்லாத வண்டிய எங்கன்னு தேடறதுன்னு அனுப்ச்சிட்டாங்க."

"பழி மட்டும் நம்பர் பார்க்காம வந்துடுச்சு" என்றேன்.

"ஸ்பேர் சாவி எங்க ரூம்ல தொங்குது இல்ல, அதான். இன்னிக்கு சாய்ங்காலம் ஆறு மணிக்கு மீட்டிங்காம். எங்கள வெளிய அனுப்பப் போறாங்க. பொண்ணு பன்னெண்டாவது படிக்குது சார். திருடன் பொண்டாட்டின்னு பேர் வந்துட்டா என்னை எவ வூட்டுக்குள்ள வுடுவா?" தனம் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

எட்மண்ட் சார் எழுந்து சட்டைப் பையில் கண்ணாடியைச் செருகினார். "சுஜி, வண்டிய எடும்மா."

என் வண்டியும் எலக்ட்ரிக்தான். நம்பர் பிளேட், ஆப், பதினெட்டு இ.எம்.ஐ. எல்லாம் உள்ள வண்டி. நான் மட்டும் போனால் பறக்கும். எட்மண்ட் சார் பின்னால் உட்கார்ந்ததும் மீட்டரில் சார்ஜ், சம்பளம் வந்த மறுநாள் பேங்க் பேலன்ஸ் மாதிரி இறங்கும்.

"ஏன் இவ்வளவு மெதுவா போற?" என்று குரோம்பேட்டையில் கேட்டார்.

"ஈக்கோ மோடு சார், சார்ஜை மிச்சம் பிடிக்க. வேகமாப் போனா போய்ச் சேரலாம், திரும்பி வர முடியாது."

"இந்த வண்டியெல்லாம் வேலைக்காகாது. என் பழைய ஸ்கூட்டர் இருந்திருந்தா..."

"அது இருந்திருந்தா நாம இன்னும் சானடோரியத்துல உதைச்சிட்டிருப்போம்."

அப்புறம் பல்லாவரம் வரை அவர் பேசவில்லை. சார்ஜும் கொஞ்சம் நிதானமாக இறங்கியது.

அபார்ட்மென்ட் வாசலில் எங்களை வரவேற்றவர் அசோசியேஷன் செகரெட்டரி ஜெரோம். ரிட்டையர்ட் வங்கி அதிகாரி. பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் வைக்க வேண்டும் என்று பென்னி கேட்டபோது, பொது மீட்டரில் கரன்ட் ஏறும் என்று அதைத் தடுத்தவர் இவர்தான். அதனால்தான் அந்தப் பேட்டரி தினமும் மாடி ஏறி இறங்கியது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்டும் கிடையாது.

"வாட்ச்மேன் செஞ்சதுதான் சார். இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் ஜெரோம்.

"பேட்டரியைக் காலையில கீழ கொண்டு வர்றது யாரு?" என்று எட்மண்ட் சார் கேட்டார்.

"அன்புதான். பென்னிக்கு முதுகு வலி."

"சாயங்காலம் மேல கொண்டு போறது?"

"அதுவும் அன்புதான்."

பென்னிக்கு முதுகு வலி. அன்புவுக்கு முதுகே கிடையாது என்று எல்லோருமாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அந்த அன்பு தூணோரமாக, யாருடைய வண்டியோ தொலைந்ததற்காகத் தன் கையையே பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

"ஆக, தினமும் ரெண்டு வேளை பேட்டரி இவர் கையில. வண்டி எதிர்ல. சாவி ரூம்ல. அப்பல்லாம் சும்மா இருந்தவர், பேட்டரி மாடிக்குப் போன பிறகு வெறும் கூட்டைத் தள்ளிட்டுப் போனாரா? திருடுறவனுக்கும் கொஞ்சம் சொந்த புத்தி வேணும் சார்" என்றார் எட்மண்ட் சார்.

ஜெரோம் ஒரு நிமிடம் யோசித்தார். யோசித்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது. "அதெல்லாம் வக்கீல் பேச்சு. ஆறு மணிக்குள்ள வண்டி இங்க வந்து நிக்கட்டும், அப்புறம் பேசலாம். இல்லாட்டி ரூமைக் காலி பண்ணணும்."

"அந்த கேமரா?" என்று தூணைக் காட்டினேன்.

"அது... சும்மா பயமுறுத்த வெச்சது. கனெக்‌ஷன் கொடுக்கல."

"சூப்பர் சார். திருடன் ரொம்ப பயந்திருப்பான்."

அன்புவிடம் எட்மண்ட் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வியாழக்கிழமை விடியற்காலையில் எங்கே இருந்தார்?

"பின்பக்கம் சார். வியாழக்கெழம தண்ணி லாரி வரும். ஓஸ் புடிச்சிகினு சம்ப் தொட்டி கிட்டயே நிப்பேன். லாரி மோட்டார் சத்தத்துல முன்னால இடியே வுழுந்தாலும் கேக்காது."

"தண்ணி லாரி வர்ற நாள் யாருக்கெல்லாம் தெரியும்?"

"பக்கெட் வெச்சிகினு இருக்கிற அல்லாருக்கும் தெரியும் சார்."

மூன்றாம் மாடி ஏறினோம். பென்னி சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்ப்பவர். ஸ்கூட்டரில் மேடவாக்கம் வரை போய், அங்கிருந்து கம்பெனி பஸ் பிடிப்பாராம். பெட்ரோல் போடாமல் பூமியைக் காப்பாற்றுவது எப்படி என்று ஆரம்பித்து, நாங்கள் கேட்காத எல்லாவற்றையும் சொன்னார். அவர் மனைவி ஸ்நேகா, இடுப்பில் கைக்குழந்தையுடன் சமையலறை வாசலில் நின்றார். கண்களில் தூக்கமே இல்லை.

பேட்டரி ஹாலில் இருந்தது. சூட்கேஸ் மாதிரி கைப்பிடியுடன், தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி, பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. வண்டி போன பிறகும் அதற்கு ராஜ மரியாதை.

"வண்டிதான் இல்லையே, இன்னும் ஏன் சார்ஜ் போடறீங்க?" என்றேன்.

"சும்மா வெச்சா பேட்டரி ஹெல்த் போயிடும்" என்றார் பென்னி. பேட்டரியின் ஆரோக்கியத்தை அவ்வளவு அக்கறையாகச் சொன்னார்.

"அம்மா, அதைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. பின்னால கம்பெனி பேர் பாக்கணும்" என்றார் எட்மண்ட் சார் ஸ்நேகாவிடம்.

ஸ்நேகா குழந்தையைச் சமையலறைப் பக்கம் திருப்பிக்கொண்டார். "பென்னி, நீ வந்து எடேன்" என்றார்.

"அவங்க கையில பிள்ள இருக்குல்ல சார்" என்று அவருக்காகப் பரிந்து பேசினேன். சார் தலையாட்டிவிட்டு வேறு ஏதோ கேட்டார். உங்கள் சொந்த ஊர் எதும்மா, சர்ச் எது என்ற மாதிரி. கேஸ் நேரத்தில் குசலம் விசாரிக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கீழே வந்ததும் எதிர்ப்பக்க இட்லிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் புஷ்பம் மாவு கரைத்தபடியே பேசினார்.

"வியாழக்கெழமயா? ஒரு குட்டி யானை வந்து நின்னுச்சு." சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். "என் கடைக்கு முன்னாலயே நிறுத்திட்டான் கட்டையில போறவன். ஒரே தோல் நாத்தம். மூணு பேர் இட்லிய வெச்சிட்டு எழுந்து பூட்டாங்க. இன்னா ஏத்தினான்னு நான் பாக்கல. நாத்தம் போனா போதும்னு இருந்துச்சு."

நான் சாரைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார்.

"பம்மல்" என்றோம் இருவரும்.

போகும் வழியெல்லாம் என் மூளை வேலை செய்தது. "சார், பென்னிதான். இன்ஷூரன்ஸுக்காக அவரே வண்டிய ஒளிச்சு வெச்சிருக்கார்."

"அந்த ரக வண்டிக்கு யாரும் இன்ஷூரன்ஸ் எடுக்கறதில்ல."

"அப்போ ஜெரோம். எலக்ட்ரிக் வண்டின்னாலே அவருக்கு ஆகல."

"அவரால அந்த வண்டிய ரெண்டடி தள்ள முடியுமா? ஹேண்டில் லாக்கை உடைச்ச அடையாளம் எதுவும் பார்க்கிங்ல இல்ல. அன்பு ரூம்ல சாவி அப்படியே தொங்குது. அப்போ எந்தச் சாவி?"

"பென்னி சாவி. அதான் சொன்னேனே, பென்னின்னு!"

"மீட்டரைப் பாரும்மா" என்றார் அவர். பார்த்தேன். இன்ஷூரன்ஸ் ஆராய்ச்சியில் சார்ஜ் மடமடவென்று இறங்கியிருந்தது.

பம்மலில் தோல் வேலை செய்யும் பட்டறைகள் ஒன்றா இரண்டா? ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு டீக்கடையில் நிறுத்தி, "அண்ணா, இந்தப் பக்கம் யாராவது புதுசா எலக்ட்ரிக் வண்டி ஓட்டறாங்களா? வெள்ளை கலர், நம்பர் பிளேட் இல்லாம?" என்று கேட்டேன்.

"அய்யே, அந்தப் பேஜார் புடிச்ச வண்டியா?" என்று டீக்கடைக்காரர் பொரிந்தார். "ரெண்டு நாளா தெருவே அல்லோலப்படுது. சத்தமே இல்லாம பின்னால வந்து நிக்கறான்மா! நேத்து எங்க மாமியார் தண்ணிக் குடத்த அப்டியே போட்டுட்டாங்க. நேரா போய் லெஃப்ட்ல திரும்பு. பெல்ட், பர்ஸ் தைக்கிற பட்டறை. ஷெர்வின்னு ஒரு புள்ளாண்டான்."

பட்டறை வாசலில் குட்டி யானை நின்றிருந்தது. அதைப் பார்க்கும் முன்பே அதன் வாசனை வந்து எங்களிடம் கைகுலுக்கியது. உள்ளே, தோல் சுருள்களுக்கு நடுவில் வெள்ளை ஸ்கூட்டர். அதில் எங்கிருந்தோ கொண்டு வந்த ஒரு பழைய பேட்டரி மாட்டி, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

சார்ஜரைத் தூக்கி வைத்திருந்தது தோல் ஒட்டும் பசை டின்களின் மேல். மூடி திறந்த டின்கள். தீக்குச்சி போட்டால் பாதித் தெரு போகும் சரக்கு.

"தம்பி, முதல்ல அந்த சுவிட்சை அணை!" என்று எட்மண்ட் சார் போட்ட சத்தத்தில் தைக்கும் மெஷின்கள் எல்லாம் நின்றன.

ஷெர்வின் அணைத்துவிட்டு ஓடி வந்தான். மெலிந்த முகம், தூங்காத மாதிரிக் கண்கள். அந்தக் கண்களை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. "யார் சார் நீங்க?"

"கீழ்க்கட்டளையிலேருந்து வர்றோம். உங்க அக்காவைப் பாத்துட்டுத்தான் வர்றோம்."

நான் திரும்பிச் சாரைப் பார்த்தேன். எந்த அக்கா?

ஷெர்வின் தலையைத் தொங்கப் போட்டான். "ஸ்நேகா அக்கா சொல்லிட்டாங்களா?"

என் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது. அந்தத் தெருவில் அது நல்ல யோசனை இல்லை.

"திருடன் பேட்டரிய விட்டுட்டுப் போனான்னு எல்லாரும் சொன்னீங்க" என்றார் சார். "விட்டுட்டுப் போகல. தொட பயம். திருப்பி வைங்கன்னு சொன்னதுக்கே அந்தப் பொண்ணு பிள்ளையைத் திருப்பிக்கிச்சு. பம்மல்தான் சொந்த ஊருன்னும் அதுவே சொல்லுச்சு. இந்தத் தம்பிக்கும் அதே கண்ணு."

"அவங்க அபார்ட்மென்ட் குரூப்ல தினமும் காலைல ஒரு வீடியோ வரும் சார்" என்றான் ஷெர்வின். "எலக்ட்ரிக் வண்டி எரியற வீடியோ. ஜெரோம் அங்கிள்தான் போடுவார், குட் மார்னிங்கோட சேத்து. அக்கா ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு அந்தப் பச்சை லைட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கும். மாமாகிட்ட சொன்னா சிரிக்கறார். வண்டி இல்லாட்டி பேட்டரியும் வீட்ட விட்டுப் போயிடும்னு நெனச்சுது. விடியக்காலைல மாமா சாவிய எடுத்துக் குடுத்துச்சு. வண்டியே இல்லாதப்ப சாவிய யார் தேடப் போறாங்க? நான் ஏத்திட்டு வந்துட்டேன்."

"பேட்டரி எங்கயும் போகல. இன்னும் தொட்டில் பக்கத்துலதான் சார்ஜ் ஏறுது" என்றேன். "இங்க நீ பசை டின் மேல வெச்சிருக்கே. உங்க குடும்பத்துக்கே ஒரு தீயணைப்பு வண்டி தனியா வேணும்பா."

"வாட்ச்மேன் மேல பழி விழும்னு அக்கா நெனக்கவே இல்ல சார். நேத்துலேருந்து போன் பண்ணி அழுதுட்டே இருக்கு. உண்மைய சொன்னா மாமா என்ன பண்ணுவாரோன்னு பயம்."

"அவங்க பயத்துக்கு அன்பு ரூமைக் காலி பண்ணணுமா?" என்று கேட்டுவிட்டேன். ஸ்நேகாவின் மேல் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

எட்மண்ட் சார் ஷெர்வினின் போனை வாங்கி, அவரே ஸ்நேகாவிடம் பேசினார். "அம்மா, வண்டியோட வர்றோம். மீட்டிங்ல நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அது திருட்டு. நீங்க சொன்னா அது வேற." ஸ்நேகா சொல்வாரா மாட்டாரா என்று தெரியாமலே போனைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போதுதான் சிக்கல். என் வண்டி சார் ஏறினால் பல்லாவரம் தாண்டாது. ஷெர்வினின் குட்டி யானை லோடு எடுக்கக் கிளம்பிவிட்டது. மிச்சம் இருந்தது திருட்டு வண்டிதான்.

"நீங்க ஓட்டுங்க சார். உங்க லைசென்ஸ் முடிஞ்சு போச்சுன்னாலும் பரவாயில்ல. அதுக்குத் தேவையில்ல."

காலமெல்லாம் எலக்ட்ரிக் வண்டியைத் திட்டிய மனிதர், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். முறுக்கினார். வண்டி சத்தமில்லாமல் நழுவியது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் பார்த்ததும் அதை அவசரமாக மறைத்துக்கொண்டார். ரேடியல் ரோடு முழுக்க எங்களைச் சைக்கிள்கள் ஓவர்டேக் செய்தன. அந்த வண்டியின் உச்ச வேகமே அவ்வளவுதான். எனக்கு ஆறு மணி நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் நுழைந்தபோது மீட்டிங் தொடங்கிவிட்டிருந்தது. பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் குடித்தனக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்புவும் தனம் அக்காவும் ஓரமாக நின்றார்கள். வாட்ச்மேன் ரூமிலிருந்து ஸ்டவ்வும் இரண்டு பைகளும் ஏற்கனவே வெளியே வந்திருந்தன. பைகளின் மேல் பள்ளிக்கூடப் புத்தகங்கள்.

வண்டியைப் பார்த்ததும் பென்னி எழுந்து ஓடி வந்தார். "எங்க கிடைச்சுது சார்? யார் எடுத்தாங்க?"

எட்மண்ட் சார் ஸ்நேகாவைப் பார்த்தார். எல்லோரும் அவர் பார்த்த பக்கம் பார்த்தார்கள்.

ஸ்நேகா எழுந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "நான்தான் எடுத்தேன்" என்றார். "அன்பு அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது. எனக்குப் பயமா இருந்துச்சு. பிள்ளை பக்கத்துல அது எரிஞ்சுடும்னு ராத்திரியெல்லாம் பயமா இருந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!" என்றார் பென்னி.

"எத்தனை தடவை சொன்னேன்? ஜெரோம் அங்கிள் அனுப்பின வீடியோவை உன் போனுக்கே அனுப்பினேன். நீ சிரிக்கற பொம்மை போட்டுட்டுத் தூங்கிட்டே."

பென்னியின் கை ஸ்கூட்டரின் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

ஜெரோம்தான் முதலில் தேறினார். தொண்டையைக் கனைத்தார். "சரி, சரி. வண்டி வந்தாச்சு. இது அவங்க குடும்ப விஷயம். அசோசியேஷனுக்கு இதுல வேலை இல்ல. மீட்டிங் முடிஞ்சுது, எல்லாரும் கிளம்பலாம்." சொல்லிவிட்டு எழுந்தார். மற்றவர்களும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, போனை எடுத்துக்கொண்டு, நிம்மதியாக எழுந்தார்கள்.

அன்பு பழக்கதோஷத்தில் நாற்காலிகளை அடுக்கக் குனிந்தார்.

"நில்லுய்யா" என்றார் தனம் அக்கா.

விறுவிறுவென்று போய், ஜெரோம் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார். புருஷனின் தோளைப் பிடித்து அழுத்தி அதில் உட்கார வைத்தார். அன்பு பாதி எழுந்தார். மறுபடி அழுத்தினார்.

"இன்னா சார், காலைல வரைக்கும் திருட்டு. இப்ப குடும்ப விஷயமா? எங்களுது குடும்பம் இல்லியா? சாமான் வெளிய கீது பாரு. எங்க பொண்ணு டியூசன்லேருந்து வந்து இத பாத்தா நான் இன்னா சொல்லுவேன்?" அவர் குரல் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை. "மீட்டிங் முடியல. இந்த மனுசன்கிட்ட சொல்ல வேண்டியத சொல்லிட்டு, சாமான உள்ள வெச்சிட்டு, அப்பால போங்க."

ஸ்நேகாதான் முதலில் வந்தார். அன்புவின் எதிரில் நின்று, "மன்னிச்சுடுங்கண்ணா" என்றார். பென்னி ஒரு கையில் குழந்தையோடு, மறு கையால் ஸ்டவ்வைத் தூக்கினார். முதுகு வலி என்று அவர் சொல்லவில்லை.

எழுந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள். செகரெட்டரிக்குத்தான் நாற்காலி இல்லை.